முனைவர் பட்டத்துக்கு மாதச் சம்பளம்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாதப் புராஜெக்ட் முடித்த எம்.எஸ்ஸி. மாணவி ஒருவர், செல்போனில் சேமித்து வைத்திருந்த விளம்பரம் ஒன்றைக் காட்டினார். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம். சோடியம் அயனி பேட்டரி பற்றிய ஆய்வு. முனைவர் பட்டத்துக்கு ஆள் தேவை. ஊதியம் என்ற இடத்தில் ‘டி.வி-எல் இ13, 65%’ என்று போட்டிருந்தார்கள்.

“65 பெர்சன்ட் மார்க் இருந்தா போதும்னு போட்டிருக்காங்க சார். எனக்கு 81 இருக்கு. ஆனா ஃபீஸ் எவ்வளவுன்னு எங்கேயுமே இல்லை. அதான் பயமா இருக்கு.”

அந்த 65, மதிப்பெண் கிடையாது. சம்பளம். ஜெர்மனியின் மாநில அரசு ஊழியர்களுக்கான ஊதியப் பட்டியலில் 13-ம் படி, அதில் 65 சதவீதம். ஃபீஸ் எவ்வளவு என்று போடாததற்குக் காரணம், ஃபீஸே இல்லை. அதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை. அதற்கு முந்தைய வாரம்தான் இருவரும் ஒரு கன்சல்டன்சிக்குப் போய் வந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இரண்டு வருட மாஸ்டர்ஸ், 28 லட்சம் ரூபாய் கடன், ஈட்டுக்கு வீட்டுப் பத்திரம் என்று அங்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிஎச்.டி. பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் ரொம்பக் கஷ்டம்மா” என்று பதில்.

கஷ்டம்தான். ஆனால் கன்சல்டன்சி அந்த வழியைக் காட்டாததற்குக் காரணம் வேறு. கட்டணம் செலுத்தும் மாணவரைச் சேர்த்துவிட்டால்தான் அவர்களுக்குக் கல்லூரியிலிருந்து கமிஷன். சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கப் போகும் மாணவரால் அவர்களுக்கு ஒரு காசும் வராது. வெளிநாட்டுப் படிப்பு என்றாலே கடன் என்று நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். முனைவர் பட்ட ஆய்வைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு. அறிவியல், பொறியியல் துறைகளில் நல்ல இடங்களில் பிஎச்.டி. என்பது சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை. ‘சொந்தச் செலவில் பிஎச்.டி.’ என்று யாராவது அழைத்தால் எழுந்து வந்துவிடலாம்.

விளம்பரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

அந்த விளம்பரத்தை இருவரும் வரி வரியாகப் படித்தோம். 2025-ல் இ13 படியின் தொடக்கச் சம்பளம், முழு நேரத்துக்கு மாதம் சுமார் 4,600 யூரோ. அதில் 65 சதவீதம் என்றால் ஏறத்தாழ 3,000. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போகக் கையில் இரண்டாயிரம் யூரோவுக்குச் சற்று மேல் வரும். ம்யூனிக் மாதிரி ஊரில் வாடகை பெரும்பங்கை விழுங்கிவிடும். சிறிய பல்கலைக்கழக ஊர்களில் சமாளித்து, வீட்டுக்கும் அனுப்பலாம். பொறியியல் துறைகள் பலவற்றில் 100 சதவீதமே தருகிறார்கள். உயிரியல், வேதியியலில் 50, 65, 75 என்று இருக்கும். 65 சதவீதச் சம்பளம் என்பதால் 65 சதவீத நேரம்தான் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆய்வகத்தில் முழு நாளும் நிற்கத்தான் வேண்டியிருக்கும். இது நியாயமில்லை என்று ஜெர்மன் ஆய்வு மாணவர்களே பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

அடுத்த வரி, ‘மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம்’. பிஎச்.டி. பல நேரம் நான்கு வருடம் இழுக்கும். நான்காவது வருடச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை நேர்காணலில் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அங்கே இதைக் கேட்காதவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

வேலை ஒப்பந்தம் கையில் இருப்பதில் இன்னொரு பெரிய நிம்மதி உண்டு. ஜெர்மனிக்குச் சாதாரண மாணவர் விசாவில் போகிறவர் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பல குடும்பங்கள் கடன் வாங்குவதே இதற்காகத்தான். போதிய சம்பளத்தோடு ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒப்பந்தமே சான்று.

மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் கீழ் 80-க்கும் அதிகமான ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அவை பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ‘பன்னாட்டு மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளி’களை நடத்துகின்றன. அங்கே மொழி ஆங்கிலம். உலகம் முழுவதிலுமிருந்து ஆள் எடுக்கிறார்கள். ஒரே விண்ணப்பத்தில் பல பேராசிரியர்களின் பார்வைக்குப் போகலாம் என்பது இதில் பெரிய வசதி. 1925-ல் தொடங்கிய டாட் என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, தனியாக உதவித்தொகையும் தருகிறது. காலியிடப் பட்டியலையும் நடத்துகிறது. ஐரோப்பா முழுவதற்குமான பட்டியல் யூராக்ஸஸ். இவை எல்லாம் இலவசம். காலையில் செய்தித்தாள் பார்ப்பதுபோல வாரம் இரண்டு முறை பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும். இந்த இடங்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்; பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் மூடிவிடும். ‘ஸ்காலர்ஷிப்’ என்று மட்டும் தேடுகிறவர்களின் கண்ணில் இவை படுவதே இல்லை. இவை வேலைவாய்ப்புப் பக்கத்தில் அல்லவா இருக்கின்றன!

வடக்கே போகப் போக

ஸ்வீடனில் முனைவர் பட்டத்துக்கு எந்த நாட்டவருக்கும் கட்டணம் கிடையாது. முழுப் படிப்புக் காலத்துக்கும் பணம் உறுதியான பிறகுதான் ஒருவரைச் சேர்க்கவே முடியும் என்பது அங்கே சட்டம். நான்கு வருட முழுநேர ஆய்வு. கற்பித்தல் போன்ற துறைப் பணிகளும் சேர்ந்தால் ஐந்து வருடம் வரை போகும். நெதர்லாந்தில் வழக்கமாக நான்கு வருட ஒப்பந்தம். முதல் ஒன்று, ஒன்றரை வருடத்தில் வேலையைப் பார்த்துவிட்டு மீதியை நீட்டிப்பார்கள். நார்வே, டென்மார்க், பின்லாந்து, சுவிட்சர்லாந்து எல்லாமே கிட்டத்தட்ட இதே வழி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வோடோவ்ஸ்கா-க்யூரி முனைவர் வலைத்திட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து பத்துப் பதினைந்து பேரை ஒரே தலைப்பின் கீழ் வேலைக்கு எடுப்பார்கள். ஊதியம், அந்தந்த நாட்டின் சாதாரண பிஎச்.டி. சம்பளத்தைவிடப் பல இடங்களில் கூடுதல். இதில் ஒரு விதி உண்டு: வேலைக்கு எடுக்கப்படுவதற்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. 28 லட்சம் கடன் வாங்கி ஜெர்மனியில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடித்தவர், இந்தத் திட்டத்தில் ஜெர்மனியில் உள்ள இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் எந்த நாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். வெளியூர் போகாததே தகுதியாகிற இடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

ஐரோப்பாவில் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். வெறும் பி.இ. மட்டும் போதாது. அமெரிக்காவில் நான்கு வருட பி.இ., பி.டெக். முடித்தவுடனே நேராக பிஎச்.டி.க்குப் போகலாம். பல பெற்றோர்களுக்கு இது தெரியாது. அங்கே எம்.எஸ். என்றால் பெரும்பாலும் கைப்பணம், பிஎச்.டி. என்றால் கட்டண விலக்கும், பாடம் எடுப்பதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ மாதத் தொகையும் உண்டு. விண்ணப்பங்கள் டிசம்பரில் மூடும். இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15 வரை யோசித்து முடிவு சொல்ல உரிமை உண்டு. அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் 2025-ல் மத்திய அரசின் ஆய்வு நிதி வெட்டப்பட்டதில் பல துறைகள் சேர்க்கையைக் குறைத்துவிட்டன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது. அமெரிக்கா மட்டும்தான் என்று இருப்பது இப்போது புத்திசாலித்தனம் இல்லை.

பிரிட்டனில், அரசு ஆய்வு மன்றங்களின் இடங்களுக்கு 2021 முதல் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்தத்தில் 30 சதவீதம்தான் உச்சவரம்பு. பலர் மாதக்கணக்கில் தயாராகும் செவனிங் உதவித்தொகை, ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு மட்டுமே, பிஎச்.டி.க்கு அது உதவாது. கேம்பிரிட்ஜில் கேட்ஸ் உதவித்தொகை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், சோயஸ் மூன்றிலும் இந்திய மாணவர்களுக்கான ஃபெலிக்ஸ் இருக்கிறது. வரலாறு, மானுடவியல், மொழியியல் படிப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கலைப் புலங்களில் சம்பளத்துடன் வரும் விளம்பரங்கள் குறைவு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குச் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் எதுவும் இல்லை.

ஐந்து வரி

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். பேராசிரியருக்கு எழுதும் மெயில்.

அந்த மாணவி முந்தைய மூன்று மாதங்களில் 60 பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தார். பதில் எழுதியவர் ஒருவர்கூட இல்லை. மெயிலைத் திறந்து காட்டினார். தங்களின் உயரிய ஆய்வகத்தில் சேர்ந்து பணியாற்றப் பெரிதும் ஆவலாக உள்ளேன், கடின உழைப்பாளி, எந்தத் தலைப்பானாலும் கற்றுக்கொள்ளத் தயார், தாங்கள் வாய்ப்பளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன். மூன்று பத்தி. பேராசிரியரின் பெயர்கூட இல்லை, ‘ஐயா அல்லது அம்மா’ என்று தொடங்குகிறது. கல்லூரி சீனியர் ஒருவர் அனுப்பிய மாதிரிக் கடிதமாம்.

இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பெரியவர்களுக்குப் பணிவாக எழுத வேண்டும் என்றுதான் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இதே மெயில், இதே சொற்களோடு, ஒரு பேராசிரியருக்கு வாரத்துக்கு எத்தனை வரும்! அவர் தேடுவது பணிவை அல்ல. நாளைக் காலை ஆய்வகத்துக்கு வந்தால் இவரால் என்ன செய்ய முடியும் என்ற ஒரே விஷயத்தை.

“காரைக்குடியில் ஆறு மாசம் என்னம்மா பண்ணினீங்க?” என்று கேட்டேன். கடகடவென்று சொன்னார். பேட்டரியின் எதிர்மின்வாய்க்கு, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கடினக் கார்பன் தயாரித்திருக்கிறார். 200 முறை சார்ஜ் ஏற்றி இறக்கியதில் கொள்ளளவு எப்படிக் குறைகிறது என்று அளந்திருக்கிறார். முதல் சுற்றிலேயே நிறைய இழப்பு வந்திருக்கிறது, காரணம் பிடிபடவில்லை. அந்த 60 மெயில்களில் ஒன்றில்கூட இந்தச் சிரட்டை இல்லை.

உட்கார்ந்து மாற்றி எழுதினோம். முதல் வரியில் பேராசிரியர் பெயரும், எந்த விளம்பரத்துக்காக எழுதுகிறார் என்பதும். இரண்டாவது வரியில் சிரட்டைக் கார்பன், 200 சுற்று, முதல் சுற்று இழப்பு. மூன்றாவதில், அந்தக் குழுவின் சமீபத்திய ஆய்வுத்தாள் ஒன்றில் இதே இழப்பை அவர்கள் வேறொரு முறையில் குறைத்திருப்பதைப் படித்ததாகவும், அந்த முறை தன் பொருளில் வேலை செய்யுமா என்று அறிய விரும்புவதாகவும். நான்காவதில் எம்.எஸ்ஸி. எப்போது முடிகிறது, எப்போது சேர முடியும் என்று. ஐந்தாவதில் இணைப்புகள்: இரண்டு பக்கத் தன்விவரம், மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் அறிக்கை. அவ்வளவுதான். அந்த மூன்றாவது வரியை எழுத அவருக்கு ஒரு முழு நாள் ஆனது, ஆய்வுத்தாளை உண்மையிலேயே படிக்க வேண்டியிருந்ததால். 60 மெயில் அனுப்பிய நேரத்தில் இப்படி ஒன்பது மெயில்தான் அனுப்ப முடிந்தது. ஒன்பதில் மூன்றுக்குப் பதில் வந்தது. ஒருவர் இடமில்லை என்றார். ஒருவர் அடுத்த வருடம் நிதி வந்தால் சொல்கிறேன் என்றார். ஒருவர் வீடியோ நேர்காணலுக்கு நாள் கேட்டார்.

இது புதிய வித்தையும் இல்லை. மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜின் கணித அறிஞர்கள் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதிப் பார்த்தார், பயன் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று அங்கிருந்த இன்னொரு கணித அறிஞரான ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றிச் சில வரிகள்தான். மீதி பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டியை நிமிர்ந்து உட்காரவைத்தவை அந்தத் தேற்றங்கள். பிறகு மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் கப்பல் கட்டணமும் கொடுத்து அனுப்பிவைத்தது. நாம் எல்லோரும் ராமானுஜன் இல்லை. ஆனால் கடிதத்தில் செய்த வேலையைக் காட்டுவது எல்லோராலும் முடியும்.

பதில் வந்த பிறகும் ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவருக்குத் தனியாக எழுதி, கைடு எப்படி, எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று கேட்க வேண்டும். நான்கு வருட வாழ்க்கை ஒரு மனிதரின் குணத்தை நம்பி நிற்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தின் மோசமான கைடைவிட, பெயர் தெரியாத ஊரின் நல்ல கைடு எவ்வளவோ மேல்.

நம் அரசுகள் தருவது

கலைப் புலங்களில் போகிறவர்களுக்கும், சம்பளம் தராத பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களுக்கும் அரசு உதவித்தொகைதான் வழி. பட்டியலின மாணவர்கள், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் 125 இடங்கள். இந்தியாவின் மக்கள்தொகைக்கு இந்த எண்ணிக்கையே வெட்கப்பட வேண்டியது. 2025-ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றது அமைச்சகம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, பெட்டி கட்டத் தயாராக இருந்த பிள்ளைகளிடம் சொல்லக் கூடிய பதிலா இது? தேர்வு செய்த ஒவ்வொருவருக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் பட்டியலையே வெளியிட வேண்டும்.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. முதுகலைக்கும் உண்டு, முனைவர் பட்டத்துக்கும் உண்டு. மாவட்டக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் இந்தத் தகவலை நான் எங்கும் பார்த்ததில்லை.

உள்ளூரை மறந்துவிடவும் வேண்டாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. தொகை தாமதமாக வருகிறது என்ற புகார் உண்மை. ஆனாலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐஐடி-கள், சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் உலகத் தரத்தில் வேலை நடக்கிறது. வெளிநாட்டுக்கு ஒரு வருடம் முயன்று கிடைக்காமல் போனால் அது தோல்வி இல்லை. இங்கே சேர்ந்து, வெளிநாட்டில் போஸ்ட்டாக் போனவர்கள் ஏராளம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் கேட்கும். வசதி இல்லாதவர் எழுதிக் கேட்டால் பல துறைகள் விலக்கும் தரும். அதைத் தவிர, ‘உங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, பிராசஸிங் கட்டணம் அனுப்புங்கள்’ என்று வரும் செய்தி எதுவாக இருந்தாலும் மோசடி. சம்பளம் கொடுக்கப் போகிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

ஆசிரியர்களுக்கு

கடைசியாக இதை எழுதுவது மாணவர்களுக்காக இல்லை. மதுரைப் பக்கத்து மாணவர் ஒருவர், எல்லா வேலையையும் சரியாகச் செய்தும் ஒரு நல்ல இடத்தை இழந்தார். நேர்காணல் முடிந்து, அந்தக் குழுவுக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வர வேண்டும். ஒன்று வந்தது. மற்றொன்றுக்கான இணைப்பு அவருடைய பேராசிரியரின் மெயிலுக்குப் போய், ஸ்பேமில் கிடந்து, கெடு முடிந்துவிட்டது. மாணவர் மூன்று முறை துறைக்குப் போய் வாசலில் நின்றிருக்கிறார். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்.

ஆசிரியர்களே, உங்களிடம் வரும் மாணவரின் ஆய்வு வேலை உங்களுக்குத்தான் தெரியும். ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லாதீர்கள். ஒரே நடையில் இரண்டு கடிதம் வந்தால் அங்கே உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கல்லூரியின் அதிகாரபூர்வ மெயில் முகவரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அந்த மாணவர் ஆய்வகத்தில் என்ன செய்தார், எங்கே தடுமாறினார், எப்படி மீண்டார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கெடு தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கான கடிதங்கள் டிசம்பர் முதல் வாரத்துக்குள் போயாக வேண்டும்.